நனைந்த அரிசிக் கடை

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குக் கிழக்கே, கடலைப் பார்த்துப் போகிற ஒரு சந்தில் அந்தக் கடை இருந்தது. பலகையில் எழுதியிருந்த பெயர் வேறு. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அது 'நனைஞ்ச கடை'.

ரங்கூனிலிருந்து கப்பலில் வரும் அரிசி மூட்டைகளில் சிலவற்றில் கடல் தண்ணீர் பட்டுவிடும். சில மூட்டைகள் கூலியாட்களின் கொக்கி குத்திக் கிழிந்து, படகின் அடியில் கொட்டிவிடும். பெரிய வியாபாரிகள் அவற்றைத் தொடமாட்டார்கள். துறைமுகத்தில் ஏலம் போடுவார்கள். கடை முதலாளியான எங்கள் சாயபு அவற்றை ஏலத்தில் எடுத்து, காயவைத்து, புடைத்து, கல் பொறுக்கி, மற்றக் கடைகளைவிட மலிவாக விற்றார். அரிசி மட்டுமில்லை. பாகாய் இளகிப்போன சர்க்கரை, நசுங்கிய தகர டின்னில் எண்ணெய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பேரீச்சம்பழம், உடைந்த பருப்பு, முளைவிட்ட வெங்காயம் என்று கப்பலில் வந்து அடிபட்டது எதுவானாலும் அங்கே கிடைக்கும். கையில் காசு கொடுத்தால் சரக்கு. கடன் என்ற பேச்சே கிடையாது.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு. அரிசி விலை ஏறிக்கொண்டே போன காலம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். ரங்கூனில் அரிசி மில்லில் கூலி அதிகம் என்று யாரோ சொல்ல, கப்பலேறிப் போய்விட்டார். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். "ஒரு வருசம் பல்லக் கட்ச்சிகினு இரு, உன்னியும் இஸ்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் சில கடிதங்களும் மணியார்டரும் வந்தன. பிறகு கடிதம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

எனக்கு அம்மா இல்லை. அப்பா படகுக்காரர். என்னைக் கட்டிக்கொடுத்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்திருந்தேன். அதைக்கொண்டு ஒரு பெண்பிள்ளைக்கு அந்தக் காலத்தில் என்ன வேலை கிடைக்கும்? ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் அறை வைத்துக்கொண்டு, பக்கத்து வீடுகளில் மாவு இடித்துக் கொடுத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். நனைஞ்ச கடைக்குப் புடைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

சாயபு ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். கழுத்தில் எப்போதும் ஒரு கட்டம் போட்ட துண்டு. என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"மொறத்துல பொடைக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"நனைஞ்ச மூட்ட நாத்தம் கொடலப் புடுங்கும். தாங்குவியா?"

"தாங்கறேன்."

"சும்மா பேசிக்கினே இருக்க மாட்டியே?"

"பேச எனக்கு யார் கீறாங்க?" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "சரி, உள்ள வா தங்கச்சி" என்றார். அன்றிலிருந்து கடை மூடும்வரை நான் அவருக்குத் தங்கச்சிதான்.

வேலை கடுமையானது. விடிந்ததும் கடற்கரை மணலில் கித்தானை விரித்து ஈர அரிசியைக் கொட்டிப் பரப்ப வேண்டும். கட்டி கட்டியாக இருக்கும். கையால் உடைத்து உதிர்த்து, வெயில் ஏற ஏறக் காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். காக்கை ஒரு பக்கம், ஆடு ஒரு பக்கம். காய்ந்ததும் அள்ளிக்கொண்டு வந்து கடையின் பின்கட்டில் உட்கார்ந்து புடைப்பேன். கோணி நூல், கரித்தூள், படகு மரத்தின் சிம்பு, சில சமயம் நண்டின் கால்கூட அரிசிக்குள் இருக்கும். எல்லாம் பொறுக்கியெடுத்தாலும் அந்த வாடை முழுதாகப் போகாது. வாங்க வருகிற பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன், அடுப்புக்கரித் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து உலையில் போட்டால் வாடை பாதி குறையும் என்று.

சாயபுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் ஒரு கைப்பிடி அரிசியை அள்ளி அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"மோந்து பாத்துட்டு வாங்கும்மா. அப்பால வூட்டுக்குப் போயி நாறுதுன்னு வந்து நிக்காதே. இது நனைஞ்சது. நல்லதுன்னு சொல்லி நான் விக்கல."

காசிமேட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா வருவாள். குரல் சந்து முனையிலேயே கேட்கும். "சாயபு, நானே நாத்தத்துல பொறந்து நாத்தத்துல வளந்தவ. என் மூக்காண்ட கொண்டாந்து நீட்றியே! அளந்து போடுய்யா" என்பாள். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு வீட்டில் சாப்பிடுகிற வாய் அதிகம். நனைஞ்ச கடை இல்லாவிட்டால் தன் பிள்ளைகள் பாதி நாள் பட்டினி என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வாள். அப்படிச் சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு எங்கள் கடையில் வாங்குவது வெட்கம். ரயில்வே ஆபீசிலும் துறைமுக ஆபீசிலும் சம்பளத்துக்கு இருந்தவர்களின் வீட்டுப் பெண்கள் உச்சி வெயிலில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத வேளை பார்த்து வருவார்கள். கூடையின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு சுவரோரமாகவே போவார்கள். மறுநாள் கோயில் வாசலில் என்னைப் பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு அந்த வட்டாரத்தில் 'ரங்கூன்காரி' என்று பெயர் விழுந்தது. கப்பலை நான் கரையில் நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரங்கூனிலிருந்து யார் திரும்பி வந்தாலும் நான் போய்க் கேட்பேன். "இன்ன மாதிரி ஆளு, இடது புருவத்துல வெட்டு இருக்கும், மில்லுல வேல, பார்த்தீங்களா?" என்று கேட்பேன். பார்த்தேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. ரங்கூன் எவ்வளவு பெரிய ஊர் என்று எனக்கு விளங்கவைக்கப் பார்ப்பார்கள். சிலர் என் கழுத்துத் தாலியைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுப் பேசுவார்கள். சில வருஷங்களுக்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

சாயபுவும் தனி ஆள்தான். மனைவி செத்து நெடுநாளாகியிருந்தது. ஒரே மகளைப் பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். கடையின் மேலே இருந்த சிறிய அறையில் குடியிருந்தார். நாங்கள் இருவரும் நாள் முழுதும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம் என்றாலும் பேச்சு அதிகம் கிடையாது. அவர் முன்னால், நான் பின்கட்டில். மத்தியானம் அவர் தொழுதுவிட்டு வந்ததும், "துன்னியா தங்கச்சி?" என்று கேட்பார். "ஆச்சு" என்பேன். அவர் சாப்பிட்டாரா என்று நான் கேட்பதில்லை. கேட்டிருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை.

பண்டிகை நாட்கள்தான் கஷ்டம். ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் கடை கிடையாது. சாயபு மகள் வீட்டுக்குப் போய்விடுவார். தீபாவளிக்கு, எனக்காக, கடையைச் சாத்துவார். அவர் நல்லதென்று நினைத்துச் செய்தது. நான் என் அறையில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்துக் குடித்தனங்களில் எண்ணெய் வாசனை, பிள்ளைகள் சத்தம், யாரோ யாரையோ அதட்டுவது எல்லாம் கேட்கும். ஒருத்தி தட்டில் இரண்டு அதிரசம் கொண்டுவந்து நிலைப்படியில் வைத்துவிட்டு நிற்காமல் போவாள். கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவள் வீட்டுக்குள் நல்ல நாளில் காலெடுத்து வைக்க அவர்களுக்குத் தயக்கம். மறுநாள் கடை திறக்காதா என்று இருக்கும். ஈரக் கோணி வாடைக்காக ஏங்கினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். உண்மை அதுதான்.

இப்படியே ஆண்டுகள் போயின. என் தலையில் நரை தெரிய ஆரம்பித்தது.

பிறகு ஒரு வருஷம் ரங்கூனில் கலவரம் என்று பேச்சு வந்தது. நம் ஆட்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள் என்றார்கள். கப்பல் கப்பலாக ஜனங்கள் திரும்பி வந்தார்கள். தண்டையார்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் ஒரு அறைக்கு இரண்டு மூன்று குடும்பமாக அடைந்துகொண்டார்கள். துறைமுகத்தில் இறங்கிய ஜனங்களை நானும் போய்ப் பார்த்தேன். கையில் தகரப் பெட்டி, தோளில் பிள்ளை, முகத்தில் ஒன்றுமில்லை. இருட்டும்வரை நின்றிருந்துவிட்டு வந்தேன். மறுபடி போகவில்லை.

அந்த ஜனங்களில் பலர் எங்கள் கடைக்கு வந்தார்கள். அப்படித்தான் அந்தப் பர்மாக்காரியும் வந்தாள்.

இடுப்பில் கட்டம் போட்ட லுங்கி, மேலே வெள்ளைச் சட்டை, உச்சியில் சுருட்டிச் செருகிய கொண்டை. கன்னத்தில் சந்தனம் மாதிரி ஏதோ பூசியிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் அவளைச் சுற்றி இடம் விட்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது. சாயபு வழக்கம்போல் ஒரு கைப்பிடி அரிசியை நீட்டினார். அவள் முகர்ந்து பார்த்தாள். இரண்டு மணியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மென்றவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சாயபு பதறிப்போய், "இன்னாம்மா, இன்னா ஆச்சு? வாணாம்னா வுட்டுடு" என்றார். அவளுக்கு அதுவும் புரியவில்லை.

"அவ ஊரு அரிசி சாயபு. வேற ஒண்ணுமில்ல" என்று பின்கட்டிலிருந்து நான் சொன்னேன்.

அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். என்னைவிட எவ்வளவோ இளையவள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அரிசியை வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வாரத்தில் சில நாள் வருவாள். வாங்குவதை வாங்கிவிட்டு, நேரே பின்கட்டுக்கு வந்து என் எதிரில் உட்காருவாள். நான் புடைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் முறத்தைக் கேட்டு வாங்கி அவளே புடைத்தாள். நாங்கள் முன்னும் பின்னும் தட்டுவோம். அவள் வட்டமாகச் சுழற்றினாள். கல் ஒரு மூலையில் தனியாக வந்து சேர்ந்தது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தப் பின்கட்டில் அவ்வளவு வருஷத்தில் இன்னொருவர் சிரித்த சத்தம் கேட்டதாக நினைவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சில வார்த்தைகள் வந்தன. அரிசியைக் காட்டி 'ஸான்' என்றாள். நான் 'அரிசி' என்றேன். அவள் 'அர்ஸி' என்றாள். முதலில் அவள் சரியாகச் சொன்ன வார்த்தை 'அக்கா'. வரிசையில் நின்ற பெண்கள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரரைப் பற்றி அவளிடமும் கேட்கவேண்டும் என்று ஒருமுறை தோன்றியது. கேட்க மொழி இல்லை. விட்டுவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கும் சமயம். மொத்தமாக நொய் வாங்கிப் போட்டுக்கொள்ள ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் பின்கட்டில் கோணிகளை உதறிக்கொண்டிருந்தேன். முன்னால் சாயபு, "இன்னா வேணும் நைனா?" என்று யாரையோ கேட்டார்.

"நொய்யி ஒரு மூட்ட. பர்மாக்காரம்மா சொல்லி வச்சிதாமே."

குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உதறிய கோணி கையிலேயே இருந்தது. வெளியே வந்தேன். அவர்தான். மீசை நரைத்திருந்தது. உடம்பு வற்றியிருந்தது. புருவத்தில் அந்த வெட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக, அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, "அக்கா, அக்கா" என்று காட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. "நல்லா கீறியா?" என்றார்.

பன்னிரண்டு வருஷமாக அவரிடம் கேட்க நான் சேர்த்து வைத்திருந்தது எவ்வளவோ.

"மூட்ட இங்கதான் கீது. ரண்டு பேரா புடிச்சாதான் தூக்க முடியும்" என்றேன்.

சாயபு என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு நுனியைப் பிடித்து மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதைத் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தார். பர்மாக்காரி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி பின்னால் போனாள். சந்து திரும்பும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பின்கட்டுக்குப் போய் விட்ட இடத்திலிருந்து கோணிகளை உதறினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாயபு வந்து நின்றார்.

"வூட்டுக்குப் போறியா தங்கச்சி?"

"வூட்ல போயி இன்னா பண்ணப்போறேன் சாயபு?"

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சில நாள் அவள் வரவில்லை. இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள்மேல் எனக்கு ஆத்திரம் வரவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வந்தது. இரவில் அறையில் தனியாக இருக்கும்போது பொங்கிக்கொண்டு வந்தது. பகலில் புடைக்க உட்கார்ந்தால், எதிரில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து, இன்றைக்கு வருவாளா என்று கண் வாசலுக்குப் போனது. இரண்டும் ஒரே மனசில்தான் நடந்தன.

ஒருநாள் வந்தாள். அரிசி வாங்கக் கூடை எதுவும் கொண்டுவரவில்லை. பின்கட்டு வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா. அவரு சொல்லிச்சு. முன்னே சொல்லலே. அங்கே... சொல்லலே. எனக்குத் தெரியாது."

யாரிடமோ கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியெடுத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, அடிப்பேனோ என்று நினைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

அவளைப் போகச் சொன்னால் போயிருப்பாள். போனபின் எனக்கு யார் இருந்தார்கள்? இந்த ஊரில் அவளுக்குத்தான் யார் இருந்தார்கள்?

"உக்காரு. இந்த மூட்டைல கல்லு ரொம்ப கீது" என்று இன்னொரு முறத்தை எடுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து கடை மூடும்வரை அவள் வந்தாள். அவரைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, அவருக்கு இருமல் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். மறுநாள் கொஞ்சம் திப்பிலி வாங்கி அவளிடம் கொடுத்தேன். அவர் அதைச் சாப்பிட்டாரா, யார் கொடுத்தது என்று கேட்டாரா, எனக்குத் தெரியாது. அவர் கடைப்பக்கம் மறுபடி வரவில்லை. வந்திருந்தாலும் என்ன பேசியிருப்போம்?

அவள் எங்கே குடியிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. தண்டையார்பேட்டை என்பது மட்டும் தெரியும். என் வீட்டை அவளுக்குக் காட்டவும் இல்லை. அவர் இருக்கிற வீட்டு வாசலில் நான் போய் நிற்பதா என்று ஒரு பிடிவாதம். எங்களுக்குக் கடை போதுமாக இருந்தது.

அந்தக் கடைக்கு ஆபத்து யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. விலை இறங்க ஆரம்பித்தது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மாதத்துக்கு மாதம் இறங்கியது. யானைக்கவுனி மண்டிகளில் நல்ல அரிசியை வாங்க ஆளில்லாமல் அடுக்கிவைத்திருக்கிறார்கள் என்றார்கள். தெருவுக்குத் தெரு எல்லாக் கடையிலும் காய்ந்த, வாடையில்லாத அரிசி, முன்பு நாங்கள் நனைஞ்சதை விற்ற விலைக்கே கிடைத்தது. சாயபு தன் விலையை இன்னும் இறக்கினார். கொஞ்சம் வித்தியாசத்துக்காக யார் நனைந்த அரிசியை வாங்குவார்கள்? இன்னொரு பக்கம், வேலை இல்லாமல் போனவர்களுக்கு எந்த விலையிலும் வாங்க முடியவில்லை. கப்பலும் குறைந்தது. வரிசை என்பதே இல்லாமல் போனது.

முன்பெல்லாம் எங்கள் கடையில் வாங்கியதை மறைத்துக்கொண்டு போனார்கள். இப்போது வேறு கடையில் வாங்கியதை எங்களிடமிருந்து மறைத்துக்கொண்டு போனார்கள். அந்த மீன்காரம்மாகூட ஒருநாள் கூடையை இடுப்பின் மறுபக்கம் மாற்றிக்கொண்டு சந்தைக் கடந்தாள். சாயபு பார்த்துவிட்டார். அவளே திரும்பி வந்தாள். குரல் தணிந்திருந்தது.

"சாயபு, கோச்சுக்காதே. புள்ளைங்க நல்ல சோறு துன்னு பாக்கட்டுமேன்னு..."

"நான் ஏம்மா கோச்சுக்கறேன்? நல்ல அரிசி துன்னா நல்லதுதானே" என்றார் சாயபு. "நானே அத்தத்தான் வாங்கித் துன்றேன்."

பொய். அவர் கடைசிவரை கடை அரிசிதான் சாப்பிட்டார். எனக்குத் தெரியும்.

கடைசியாக ஏலத்தில் எடுத்த மூட்டைகள் பின்கட்டிலேயே கிடந்து வண்டு பிடித்தன. வண்ணாரப்பேட்டையிலிருந்து சலவைக்காரர்கள் வந்து, துணிக்குப் போடும் கஞ்சிக்கென்று அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சாயபு கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழமையோட சாத்திடலாம்னு கீறேன். பொண்ணு ரொம்ப நாளா கூப்டுகினு கீது. நீயும் வரியா? பழவேற்காட்ல மீனு, கருவாடுன்னு ஏதாச்சும் வேல இருக்கும். எம் பொண்ணு உன்ன நல்லா பாத்துக்கும்."

"அங்க வந்து நான் யாருன்னு சொல்லிக்கறது சாயபு?"

"தங்கச்சின்னு சொல்லிக்கோ" என்றார்.

அவர் மனதாரத்தான் சொன்னார். நான் போகவில்லை. பழகிய இடத்தில் தனியாக இருப்பது ஒரு மாதிரி. பழகாத இடத்தில் தனியாக இருக்க எனக்குத் தைரியமில்லை.

அந்த வாரம் பார்த்துப் பர்மாக்காரி வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பலகையைப் போட்டுச் சாத்தும்போதும் சந்து முனையைப் பார்த்தேன். சாயபு தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் தலையில் கைவைத்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார். துவா என்று நினைக்கிறேன். வண்டி ஏறிப் போய்விட்டார்.

மறுவாரம் முழுதும், அவள் வழக்கமாக வருகிற வேளையில் நான் போய் மூடிய கடையின் முன்னால் நின்றேன். அவள் வந்தால் என் வீட்டைக் காட்டலாம் என்று. அதற்குள் கையிலிருந்தது கரைந்துவிட்டது. வேலை தேடி திருவொற்றியூர்ப் பக்கம் அலைய வேண்டியிருந்தது. அந்த நாட்களில் கடைப்பக்கம் போகமுடியவில்லை. தீப்பெட்டி ஆலையில் பெட்டி ஒட்டும் வேலை ஒன்று கிடைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிவாதத்தை விட்டுவிட்டு தண்டையார்பேட்டைக்குப் போனேன். ரங்கூனிலிருந்து வந்தவர்கள் இருக்கும் தெருக்களில் கேட்டுக்கொண்டே போய், அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒருத்தி மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பர்மாக்காரியா? அவங்க கப்பலேறிட்டாங்களே. அங்க எல்லாம் அடங்கிப்போச்சாம். போன வாரமே போய்ட்டாங்க."

"ரண்டு பேருமா?"

"ஆமா. நீ யாரு?"

"கடையில பழக்கம்" என்றேன்.

"ஓ, நீதான் அந்த அக்காவா? உன்னத் தேடிகினு நாலஞ்சு வாட்டி அந்தக் கடைக்குப் போச்சே. கட சாத்திக்கீதுன்னு அழுதுகினே வரும். பாவம், பாஷ தெரியாத பொண்ணு. யாரக் கேக்கும்?"

நான் நின்ற நாட்களில் அவள் வரவில்லை. நான் வேலை தேடிப் போன நாட்களில் அவள் வந்திருக்கிறாள். மிளகாய்க்காரி உட்காரச் சொன்னாள். உட்காராமல் திரும்பிவிட்டேன். வரும் வழியில் எனக்கு அவரைப் பற்றி நினைவே வரவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போதுதான் அது உறைத்தது.

ஆலையில் வேலை பரவாயில்லை. நிறையப் பெண்கள். இயந்திரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. சங்கு ஊதியதும் எல்லோரும் கூட்டமாக வெளியே போவோம். அவரவர் வீட்டுப் பக்கம் கலைந்துவிடுவோம். சில வருஷம் அப்படிப் போனது.

ஒருநாள் சங்கு ஊதி வெளியே வந்தபோது, வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் கட்டம் போட்ட துண்டோடு சாயபு நின்றுகொண்டிருந்தார். மிகவும் தளர்ந்திருந்தார். கண்ணைக் காட்டுவதற்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்ததாகவும், ராயபுரத்தில் விசாரித்து என் வேலை இடத்தைத் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். அவ்வளவு தூரம் அந்தக் கண்ணோடு எப்படி வந்தார் என்று தெரியவில்லை.

பக்கத்துக் கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை அவர் கையில் வைத்தேன். நின்றபடியே குடித்தோம். மகளுக்கு மூன்று பிள்ளைகள் என்றார். கடைசிப் பேத்தி தன்னை விட்டு நகரமாட்டாள் என்றார். பர்மாக்காரியைப் பற்றிக் கேட்டார். போய்விட்டாள் என்றேன்.

"நீ துன்னியா தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஆச்சு. நீங்க துன்னீங்களா?" என்றேன்.

"ஆச்சு, ஆச்சு" என்றார்.

ஸ்டேஷன் வரை கூட நடந்தேன். என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக வந்தார். ரயில் பெட்டியில் ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் உட்காரவைத்தேன். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. பொதுவாக வெளியே பார்த்துக் கையசைத்தார். ரயில் வளைவில் மறைந்த பிறகு, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நடக்க ஆரம்பித்தேன்.